முப்பத்தைந்து வயதாகட்டும்!

இளமை என்றும் நிலைத்திருக்க வேண்டும் என்று விரும்பாதவர் யார்? நரையை மறைக்க மை தேடுவோர் ஒரு பக்கம். பிறந்த ஆண்டைக் கேட்டால் பேச்சை மாற்றுவோர் மற்றொரு பக்கம். நம் விடுதியிலேயே 25 வயது நெருங்கியதும், "ஐயோ, வயதாகிவிட்டதே!" என்று வருந்தும் நண்பர்கள் உண்டு. இவர்களுக்கு நடுவே, விரைவில் தனக்கு 35 வயதாக வேண்டும் என்று ஏங்குகின்ற ஒருவன் இருக்கிறான் என்றால் நம்புவீர்களா? அந்த ஒருவன் நான்தான்.

இந்த விசித்திர ஆசைக்குக் காரணம் என் கண்கள். கெரட்டோகோனஸ் என்ற நோய் எனக்கு உண்டு. கிரேக்க மொழியில் 'கெராஸ்' என்றால் கொம்பு. 'கோனோஸ்' என்றால் கூம்பு. கண்ணின் முன்புறத்தில், கருமணிக்கு மேலே, கடிகாரத்தின் கண்ணாடியைப் போல் ஒரு தெளிந்த படலம் உண்டு. அதனைக் கார்னியா என்பர்; நாம் கருவிழி என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் படலம் மெல்ல மெல்லத் தேய்ந்து, மெலிந்த இடத்தில் கூம்பு போல் முன்னே பிதுங்குவதுதான் இந்த நோய். தமிழில் இதனைக் கூம்புக் கருவிழி நோய் என்று சொன்னால் பொருந்தும்.

நோய்களைப் பற்றி மன்ற மலரில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். இந்த நோய் நம் வயதினரையே நாடி வருகிறது. பெரும்பாலும் 12, 13 வயதுக்கு மேல் தலைகாட்டி, இருபதுகளில் ஓடி, முப்பதுகளின் இறுதியிலோ நாற்பதுகளின் தொடக்கத்திலோ தானே அடங்கிவிடுவது இதன் வழக்கம். மற்ற நோய்கள் முதுமையோடு வளரும். இது முதுமையைக் கண்டு அஞ்சும். ஆகவே இதனைப் பற்றி முதியோர் சங்கத்தில் பேசிப் பயனில்லை; மாணவர் மன்றத்தில்தான் பேச வேண்டும்.

எனக்கு இது வந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருநெல்வேலியில் பள்ளியிறுதி படித்தபோது என் மூக்குக் கண்ணாடியின் எண் இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை மாறியது. ஒவ்வொரு முறையும் புதுக் கண்ணாடி போட்டுப் பார்ப்பேன். சில வாரங்களில் எழுத்துகளுக்குப் பின்னால் நிழல் எழுத்துகள் தோன்றிவிடும். இரவில் தெருவிளக்கைப் பார்த்தால் அதிலிருந்து வால் முளைத்திருக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிலவைப் பார்த்தால், ஒன்றன்மேல் ஒன்றாய் ஐந்தாறு நிலவுகள்! மூன்றாம் பிறையைக் காண்பது நல்லது என்று எங்கள் ஆச்சி மாதந்தோறும் என்னை மொட்டை மாடிக்கு அழைத்துப் போவார். "ஆச்சி, நான் இன்றைக்கே அரை வருஷத்துப் பிறையைப் பார்த்துவிட்டேன்" என்று சொல்லிச் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். அது நோய் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

18 வயதில், கல்லூரியில் சேர்ந்த பிறகு, ஒரு கண் மருத்துவர் கருவிழியின் மேடுபள்ளங்களைப் படம் பிடிக்கும் கருவியின் முன் என்னை உட்கார வைத்தார். திரையில் நிலவரைபடம் போல ஒரு படம் வந்தது. மேடான இடம் சிவப்பு, தாழ்ந்த இடம் நீலம். என் இரு கண்களிலும் நடுவுக்குச் சற்றுக் கீழே ஒரு சிவப்புக் குன்று நின்றது. அன்றுதான் நோயின் பெயரை முதன்முதலாகக் கேட்டேன்.

வேதியியல் மாணவன் ஆதலால், கருவிழி எதனால் ஆனது என்பதை அறிய எனக்கு ஆவல் உண்டாயிற்று. அறிந்தபோது வியப்பே மேலிட்டது. நல்ல கருவிழியின் நடுப்பகுதி ஏறத்தாழ 540 மைக்ரான் கனம்; அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதில் பத்தில் ஒன்பது பங்கு கொலாஜன் என்னும் புரத இழைகளாலான அடுக்குகள். நூற்றுக்கணக்கான அடுக்குகளில், ஒவ்வோர் அடுக்கிலும் இழைகள் ஒரே இடைவெளியில் இணையாக ஓடுகின்றன. அந்த ஒழுங்கு காரணமாகவே ஒளி சிதறாமல் உள்ளே புகுகிறது. இரத்தக் குழாய் ஒன்றுகூட அங்கே இல்லை. தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனில் பெரும்பகுதியைக் கண்ணீரின் வழியாகக் காற்றிலிருந்தே பெற்றுக்கொள்கிறது. கண்ணின் ஒளிகுவிக்கும் ஆற்றல் மொத்தம் சுமார் 60 டயாப்டர் என்றால், அதில் 43 இந்த மெல்லிய படலத்தின் பங்கு. இவ்வளவு வேலை செய்யும் படலத்தில் சில பத்து மைக்ரான் குறைந்தாலும் உலகமே கோணலாகிவிடுவதில் வியப்பில்லை. என் இடக்கண்ணில் எஞ்சியிருப்பது 455 மைக்ரான். வலக்கண்ணில் இன்னும் சற்றுக் குறைவு.

இந்த நோய் புதியதன்று. 1854-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து மருத்துவர் ஜான் நாட்டிங்ஹாம் இதனைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டி நூல் எழுதினார். 1888-இல் அடால்ப் பிக் என்பவர், கண்ணாடியால் மெல்லிய கிண்ணம் செய்து கண்ணின்மேல் பொருத்திப் பார்த்தார். முதலில் முயல்களுக்கு, பின்பு தமக்கே, அதன்பின் நோயாளிகளுக்கு. இன்று கல்லூரி மாணவரும் திரைப்பட நடிகரும் அணிகின்ற காண்டாக்ட் லென்ஸின் முன்னோடி அதுதான். அழகுக்காகப் பிறந்ததன்று அது. என் போன்றோரின் கோணல் கருவிழியை நேராக்கவே பிறந்தது. இதனை எண்ணும்போது எனக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருக்கிறது!

நோய் இன்னதென்று தெரிந்த அன்று நான் மருத்துவரிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "நாளாக நாளாக என்ன ஆகும், டாக்டர்?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பேனாவை மூடி வைத்தார். "தம்பி, இந்த நோயில் முழுக் குருடு ஆவது கிடையாது. அதை முதலில் மனதில் வைத்துக்கொள். மற்றதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும்" என்றார்.

ஆளுக்கு ஆள் மாறும்! விஞ்ஞானம் படிப்பவனுக்கு இதைவிட எரிச்சலூட்டும் விடை வேறில்லை. எனக்கு எண்கள் வேண்டும். ஆகவே எண்களைத் தேடினேன். தேடியவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்த நோயாளரை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சிகளுள் புகழ்பெற்றது அமெரிக்காவில் 1995-ஆம் ஆண்டு தொடங்கியது. 1,209 பேரை ஆண்டுதோறும் வரவழைத்து 8 ஆண்டுகள் சோதித்தனர். அவர்களுடைய பார்வை, திருத்தும் லென்ஸோடு அளந்தபோது, 7 ஆண்டுகளில் சராசரியாக 2 எழுத்துகள் மட்டுமே குறைந்ததாகக் கணக்கிட்டனர். மங்கலாக அச்சிட்ட எழுத்துகளில் 4 எழுத்துகள் குறைந்தன. சுவரில் மாட்டிய அட்டையில் ஒரு வரிக்கு 5 எழுத்துகள். எனவே 7 ஆண்டுகளில் ஒரு வரிகூடக் குறையவில்லை. இதைப் படித்த அன்று விடுதியில் நண்பர்களுக்கெல்லாம் நான் காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் அதே கட்டுரையின் மற்றொரு பகுதியைப் படித்தேன். சராசரி 2 எழுத்துதான். ஆனால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, ஒரு கண்ணிலேனும், 10 எழுத்துகளோ அதற்கு மேலோ குறைந்திருந்தன. 5 ஆண்டுகளில் புதிதாகக் கருவிழியில் தழும்பு விழுந்த கண்கள் நூற்றுக்கு சுமார் 14. கூம்பு செங்குத்தாக, 52 டயாப்டருக்கு மேல் வளைந்திருந்த கண்களில் அது நூற்றுக்கு 38. காப்பியின் இனிப்பு அத்துடன் போயிற்று.

நண்பர்களே, சராசரி என்பது ஒரு தெருவின் அகலத்தைச் சொல்லும்; அந்தத் தெருவில் நடக்கும் மனிதன் எந்த ஓரமாகப் போகிறான் என்று சொல்லாது. ஆய்வுக்கூடத்தில் ஒரு கோடிக் கோடி மூலக்கூறுகள் எப்படி நடந்துகொள்ளும் என்று உறுதியாகச் சொல்லி மதிப்பெண் வாங்குகிறோம். ஒரு தனி மூலக்கூறு அடுத்த நொடி எங்கே போகும் என்று கேட்டால் வாய் மூடிக்கொள்கிறோம். அதனை இதுவரை பாடமாகப் படித்தேன். அந்தத் தனி மூலக்கூறு நானே என்று ஆனபோதுதான் பாடத்தின் பொருள் விளங்கியது. மருத்துவர் என்னை ஏய்க்கவில்லை. தெரிந்த உண்மையைத்தான் சொன்னார்.

ஆனால் 1995-க்கும் இன்றைக்கும் இடையே ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்திருக்கிறது. அதுவும் நம் வேதியியலிலிருந்து வந்தது என்பதில் எனக்கு மகிழ்ச்சி. 1839-இல் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது இறுகி உறுதிப்படுவதைக் கண்டார். தனித்தனியாகத் தொங்கும் நீண்ட சங்கிலிகளுக்கு இடையே கந்தகம் குறுக்குப் பாலங்கள் போடுவதே காரணம். நம் கருவிழியின் கொலாஜனும் சங்கிலிதானே? அதற்கும் குறுக்குப் பாலம் போட்டால் என்ன? ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் தியோ சைலரும் அவருடைய தோழர்களும் 1990-களில் இவ்வாறு எண்ணிப் பார்த்தனர். கண்ணில் கந்தகம் போட முடியாது. ஆகவே ரிபோப்ளேவின் என்னும் பி2 வைட்டமினைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அதன்மேல் புறஊதா ஒளியைப் பாய்ச்சினர். ஒளியை உண்ட வைட்டமின் ஆக்ஸிஜனைக் கிளர்த்தும். கிளர்ந்த ஆக்ஸிஜன் கொலாஜன் இழைகளைப் பிணைக்கும். 22 பேரின் 23 கண்களில் செய்த முதல் சிகிச்சையின் விவரம் 2003-இல் வெளியாயிற்று. கூம்பு வளர்வது நின்றது.

இதில் எனக்குப் பிடித்த செய்தி வேறொன்று. வயது ஏற ஏற நம் கருவிழி இயற்கையாகவே இவ்வாறு பிணைப்புகள் பெற்று விறைப்பாகிறது. நோய் முப்பதுகளுக்குப் பின் அடங்குவதற்கு இதையே காரணமாகக் கருதுகின்றனர். முதுமை 15 ஆண்டுகளில் செய்யும் வேலையை அந்த ஊதா விளக்கு அரை மணி நேரத்தில் செய்ய முயல்கிறது. அதாவது, சிகிச்சை என்பது கண்ணுக்கு மட்டும் வயதாக்குவது! முப்பத்தைந்து வயதுக்கு நான் ஏங்குவதன் மர்மம் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இதன் நெடுநாள் பலன் என்ன? 2015-இல் டிரெஸ்டன் குழுவினர் 34 கண்களின் 10 ஆண்டுக் கணக்கை வெளியிட்டனர். கூம்பின் உச்சி வளைவு சராசரி 61.5 டயாப்டரிலிருந்து 55.3-க்கு இறங்கியிருந்தது. இரண்டு கண்களுக்கு மட்டும் மீண்டும் சிகிச்சை தேவைப்பட்டது. நெதர்லாந்து நாட்டில் இச்சிகிச்சை பரவிய பிறகு, இந்நோய்க்காகச் செய்யும் கருவிழி மாற்று அறுவைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தன. இழந்த பார்வையை இது முழுதும் மீட்பதில்லை, இருப்பதைக் காக்கிறது. வெள்ளத்தில் போன நிலத்தை மீட்காவிட்டாலும், கரையைப் பலப்படுத்தி எஞ்சியதைக் காப்பது போல. ஆகையால் நாள் கடத்தாமல் செய்துகொள்பவருக்கே நன்மை அதிகம். பொதுவாகக் கருவிழி 400 மைக்ரானாவது இருந்தால்தான் உள்ளே இருக்கும் உயிரணுக்களுக்குத் தீங்கில்லாமல் வழக்கமான முறையில் செய்ய முடியும்.

எனக்கு 19 வயதில் இரு கண்களுக்கும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தார்கள். நான்கு ஆண்டுகள் ஆகின்றன. குன்று வளரவில்லை. ஆயினும் குன்று குன்றுதான். கடினமான காண்டாக்ட் லென்ஸ் அணிந்தால் எழுத்து கூர்மையாகத் தெரியும். கழற்றிவிட்டால் பழையபடி ஐந்தாறு நிலவுகள். டில்லியின் மே மாதப் புழுதிக் காற்றில் அந்த லென்ஸுக்கு அடியில் ஒரு துகள் புகுந்தால் என்ன ஆகும் என்பதை, என்னோடு பேருந்தில் வரும் நண்பர்கள் அறிவர். ஆய்வுக்கூடத்தில் பியூரெட்டின் நீர்மட்டம் இரண்டாகத் தெரியத் தொடங்கினால், நேரம் பார்க்காமலே மாலை ஆகிவிட்டது என்று தெரிந்துகொள்வேன். லென்ஸ் போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். கருவிகளோடு வேலை செய்ய வேண்டிய தொழிலை நான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். இந்தக் கண்களோடு இன்னும் 35 ஆண்டுகள் அதைச் செய்ய முடியுமா என்ற எண்ணம் எனக்கு வாரம் ஒருமுறையாவது வரும்.

இதற்கெல்லாம் முடிவாக, 'கண்ணை மாற்றிவிட்டால் தீர்ந்தது' என்று ஆறுதல் சொல்வோர் உண்டு. பார்வை கிடைக்கும்படி முழுக் கண்ணை மாற்ற இதுவரை யாராலும் முடிந்ததில்லை, கருவிழியை மாற்றலாம். 1905-ஆம் ஆண்டு டிசம்பரில் எட்வர்ட் சிர்ம் என்ற மருத்துவர், இன்று செக் நாட்டிலிருக்கும் ஓலோமோட்ஸ் நகரில் முதன்முதல் அதில் வெற்றி கண்டார். நம் நாட்டின் முதல் கண் வங்கி 1945-இல் சென்னை எழும்பூர்க் கண் மருத்துவமனையில் டாக்டர் முத்தையாவின் முயற்சியால் தோன்றியது. அந்த மருத்துவமனை 1819-லேயே தொடங்கியது. தமிழ்நாட்டான் ஒருவன் வடக்கே வந்து சொல்லிக்கொள்ளத் தக்க பெருமைகளுள் இதுவும் ஒன்று.

இந்நோயாளருள் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர் வரை இறுதியில் மாற்று அறுவைக்கு வருவர் என்பது பழைய கணக்கு. மற்ற நோய்களுக்காகச் செய்யும் மாற்றுகளைவிட இதில் வெற்றி அதிகம். ஆனால் மாற்றிய கருவிழிக்கும் ஆயுள் உண்டு. ஆஸ்திரேலியாவில் இதற்கென்று வைத்திருக்கும் பதிவேட்டிலிருந்து 2011-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: கூம்பு நோய்க்காகப் பொருத்திய கருவிழிகளில் 10 ஆண்டுகளுக்குப் பின் தெளிவோடிருப்பவை நூற்றுக்கு 89, 20 ஆண்டுகளுக்குப் பின் 49. இன்று எனக்குப் பொருத்தினால் 43 வயதில் அது பிழைத்திருக்குமா என்பது ஏறத்தாழக் காசைச் சுண்டிப் பார்ப்பதுதான். 60 வயதில் மாற்றிக்கொள்பவருக்கு ஒரு கருவிழி போதும். 23 வயதில் மாற்றிக்கொள்பவனுக்கு ஒன்று போதாது. உள் அடுக்கை நோயாளியுடையதாகவே விட்டுவிட்டு மேல் அடுக்குகளை மட்டும் மாற்றும் முறை இப்போது பரவியிருக்கிறது. அதில் அந்த உள் அடுக்கை உடல் ஏற்க மறுக்கும் அபாயம் இல்லை. இருந்தாலும், மருத்துவர்கள் எங்களைப் போன்ற இளைஞரின் அறுவையை இயன்றவரை தள்ளிப்போடுவது ஏன் என்பதற்கு இந்த இரண்டு எண்களே விளக்கம்.

இதுவரை என் கதை. ஆனால் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது என் கண் அன்று. என் தங்கையின் கண். 

இந்நோய் பெரும்பாலும் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே காணப்படும். எனினும் உடன்பிறந்தாருக்கு வரும் வாய்ப்பு மற்றவரைவிட அதிகம். ஆகவே சிகிச்சை முடிந்ததும், தங்கையை ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். மூன்று ஆண்டுகள் ஒன்றுமில்லை. சென்ற ஆண்டு, அவளுக்கு 15 வயதானபோது, இடக்கண்ணில் ஒரு சிறு சிவப்புப் புள்ளி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது புள்ளி பெரிதாகியிருந்தது. அம்மா தொலைபேசியில் அழைத்தார்.

"ஒனக்கு இருக்கது மாதிரியே அவளுக்கும் இருக்காம்ப்பா" என்றார். பிறகு வெகுநேரம் பேச்சில்லை. "எங்க வம்சத்துல யாருக்கும் கண்ணுல ஒரு கொறயும் கெடயாது. நாளைக்குப் பொண்ணு பாக்க வாறவங்ககிட்ட இத எப்பிடிச் சொல்லுறது?"

பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் கண்ணில் ஒரு புள்ளி. அம்மாவுக்கு அதில் பத்து ஆண்டுகளுக்குப் பின் வரப்போகும் மாப்பிள்ளை வீட்டார் தெரிகிறார்கள்! நெடுங்கால விளைவு என்று மருத்துவ நூல்கள் சொல்வது ஒன்று. நம் வீடுகளில் அதற்குப் பொருள் வேறொன்று. நான் அம்மாவோடு வாதாடவில்லை. இங்கிலாந்தில் நடந்து 2021-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றைச் சொன்னேன். 10 முதல் 16 வயது வரையுள்ள, நோய் வளர்ந்துகொண்டிருந்த 60 பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு ஒளிச் சிகிச்சை. மற்றவருக்குக் கண்ணாடியும் லென்ஸும் மட்டும். 18 மாதங்களுக்குப் பின் நோய் முற்றியது, சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 7 பேருக்கு. பெறாதவர்களில் நூற்றுக்கு 43 பேருக்கு. "அப்போ சீக்கிரமே செஞ்சிரலாம்லா?" என்றார் அம்மா. அம்மா பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவர். அந்த இரு எண்களின் பொருளை நான் என் எண்களைப் புரிந்துகொண்டதைவிட விரைவாகப் புரிந்துகொண்டார்.

மதுரைக்கு அழைத்துச் சென்று செய்தார்கள். மேல்தோலை அகற்றுவதால் நான்கு நாள் கண் எரியும், நீர் கொட்டும். ஐந்தாம் நாள் தங்கையே பேசினாள். "அண்ணே, கண்ணுல விட்ட மருந்து மஞ்சத்தண்ணி மாதிரியே இருந்துச்சு. எனக்கு ரெண்டாவது தடவ மஞ்சத்தண்ணி ஊத்திட்டாங்க" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது. கண்ணில் நீரும் வந்தது. அவளுக்குக் கண்ணாடி போதும், லென்ஸ் வேண்டியதில்லை. அவளுக்கு நிலவு ஒன்றுதான். என் 18 வயதில் எனக்குத் தெரிந்தது, அவளுடைய 15 வயதில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த மூன்று ஆண்டுகளே வித்தியாசம்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன சொல்வது? உள்ளதைச் சொல்ல வேண்டியதுதான். 'என் கண் இப்படி இருந்தது. இன்ன சிகிச்சை செய்துகொண்டேன். ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கிறேன்' என்று அவளே சொல்லட்டும். அதைக் கேட்டு எழுந்து போகும் வீடு, நாளை வேறொன்றைக் கேட்டும் எழுந்து போகும். அம்மாவுக்கு இதில் இன்னும் முழுச் சம்மதம் இல்லை. அவள் வளர்வதற்குள் வந்துவிடும் என்று நம்புகிறேன்.

இனி உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, ஆண்டுதோறும் மூக்குக் கண்ணாடி எண் மாறுகிறதென்றால், கோணல் திருத்தும் எண் ஏறிக்கொண்டே போகிறதென்றால், புதுக் கண்ணாடியோடு நின்றுவிடாமல் கருவிழிப் படம் ஒன்று எடுத்துப் பாருங்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1986-இல் வெளியான கணக்கு, இந்நோயாளர் இலட்சத்துக்கு சுமார் 54 பேர் என்றது. மகாராஷ்டிரத்தின் கிராமங்களில் 30 வயதுக்கு மேற்பட்டோரைச் சோதித்து 2009-இல் வெளியிட்ட கணக்கோ நூற்றுக்கு 2.3 என்றது. இரண்டும் வேறுவேறு முறையில் எண்ணியவை. நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. ஆயினும் நம் நாட்டில் இது அபூர்வ நோயன்று என்பதற்கு அது போதும். கண்ணாடியை விட்டொழிக்க லேசர் சிகிச்சைக்குப் போகும் நண்பர்கள் இந்தப் படத்தைத் தவறாமல் எடுக்க வேண்டும். மறைந்திருக்கும் கூம்பு, லேசர் இழைத்து மெலிந்த கருவிழியில் விரைந்து வெளிப்படும்.

இரண்டாவது, கண்ணை இமை காப்பது போல என்கிறோம். அந்த இமையையே கைமுட்டியால் அழுத்தித் தேய்த்தால் அது எப்படிக் காக்கும்? கண்ணை ஓயாது கசக்குவதற்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு என்று பல ஆராய்ச்சிகள் கூறுகின்றன. டில்லிப் புழுதியில் அரிப்பு வருவது இயல்பே. குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வையுங்கள். அடங்காவிட்டால் மருத்துவரிடம் சொட்டு மருந்து கேளுங்கள்.

மூன்றாவது வேண்டுகோளில் என் சுயநலமும் உண்டு. என் கருவிழிகளை இன்னொருவருக்கு முழுமையாகப் பொருத்த இயலாது. மெலிந்ததை யார் ஏற்பார்? ஆகையால் கொடுப்போர் வரிசையில் எனக்கு நல்ல இடமில்லை. என்றேனும் ஒரு நாள் கேட்போர் வரிசையில் நிற்க நேரலாம். நீங்கள் அப்படியல்லீர். கண்ணாடி அணிந்தவரும் கண்புரை அறுவை செய்துகொண்டவரும்கூடக் கண் கொடுக்கலாம். மறைந்த 6 மணி நேரத்துக்குள் எடுத்தால் போதும். கண் வங்கியார் வரும்வரை இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். உறுதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் மட்டும் போதாது. அந்த நேரத்தில் கண் வங்கியை அழைக்க வேண்டியவர் வீட்டில் இருப்பவர். ஆகவே விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, சாப்பாட்டு வேளையில், அம்மாவிடமும் அப்பாவிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். 'இப்போது எதற்கடா இந்தப் பேச்சு?' என்று கடிந்துகொள்வார்கள். கடிந்துகொள்ளட்டும், காதில் விழுந்திருக்கும்.

எனக்கு 35 வயதாக இன்னும் 12 ஆண்டுகள் இருக்கின்றன. என் தங்கைக்கு 19 ஆண்டுகள். அதுவரை ஆண்டுதோறும் ஆளுக்கொரு படம் எடுத்து, பழைய படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.